லே: ஜூலை கடைசியா, செப்டம்பரா?

கேள்வி:
அப்பா (62), அம்மாவோடு ஆறு நாள் லே போகிறோம். டெல்லியிலிருந்து விமானம். ஜூலை கடைசி வாரம் மழைக்காலம் என்கிறார் ஒருவர்; லடாக்கில் மழையே கிடையாது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? செப்டம்பர் இரண்டாம் வாரம் என்றால் குளிர் தாங்குமா?

பதில் 1:
இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பருவமழை மேகங்களை இமயமலை தெற்கிலேயே மறித்துவிடுவதால், லேயில் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கே 100 மி.மீ. சுமார்தான். ஆனால் எப்போதாவது வலுத்துப் பெய்தால் ஆபத்து. சரிவுகளில் செடி கொடி இல்லை, மண் நீரைப் பிடிக்காது. எல்லாம் சேறாகி ஓடைவழியே இறங்கும். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டிய மேகவெடிப்பில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் வறண்ட ஓடையை ஒட்டிய விடுதியைத் தவிருங்கள், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

விமானத்துக்குச் சிக்கல் மழையைவிட வெயில். 3,500 மீட்டரில் காற்று ஏற்கெனவே மெலிசு. சூடேறினால் இன்னும் மெலிந்து விமானத்தின் தூக்குவிசை குறையும். 2024 ஜூலை கடைசியில் வெப்பத்தாலேயே சில விமானங்கள் ரத்தாயின. பிற்பகலில் காற்றும் கிளம்பும். அதனால் எந்த மாதமானாலும் அதிகாலை விமானமே எடுங்கள். திரும்பும்போது டெல்லியில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

என் ஓட்டு செப்டம்பருக்கு. பகல் 20 டிகிரி, இரவு 5 டிகிரி சுமார்.

பதில் 2:
அந்த 5 டிகிரி லே நகருக்கு மட்டும். பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல். செப்டம்பர் இரவிலேயே பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். முதியவர்களோடு அங்கே தங்காமல் பார்த்துவிட்டுத் திரும்புவது மேல், பயணம் நீளமானாலும்.

உடையில் எல்லோரும் செய்யும் தப்பு, ஒரே தடிமனான ஜாக்கெட்டை நம்புவது. வெயிலில் வியர்க்கும், நாலடி தள்ளி நிழலில் நின்றால் நடுங்கும். காற்றில் ஈரமில்லாததால் சூடு தங்காது. உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி ஸ்வெட்டர், மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என்று மூன்றாகப் போட்டால் கழற்றி மாட்ட வசதி. பனியனும் பருத்திச் சட்டையும் வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். உதட்டுக்கும் மூக்கின் உட்புறத்துக்கும் வாசலின் தடவாவிட்டால் வெடித்து ரத்தம் வரும். கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் இரண்டும் கட்டாயம்.

பதில் 3:
குளிரைவிட உயரத்தைக் கவனியுங்கள். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறங்கியதும் 48 மணி நேரம் ஓய்வு. லே குன்றின் மேலிருக்கும் சாந்தி ஸ்தூபியின் படிகள்கூட வேண்டாம். உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம், இதய மருந்து ஏதாவது இருந்தால் அதையும். கற்பூரம் முகர்ந்தால் ஆக்ஸிஜன் அதிகமாகிவிடாது. மூக்கடைப்பு விட்டதுபோல் தோன்றும், அவ்வளவே. தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்தாலும் மூச்சிரைப்பு என்றால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அம்மா சமைக்க நினைத்தால் குக்கர் வேண்டும். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. செப்டம்பர்தான். பனி பார்க்க ஆசையாக இருக்கிறது, ஜனவரியில் ஒருமுறை வரலாமா?

பதில் 2:
பெற்றோரோடு வேண்டாம். இரவு மைனஸ் 15 சாதாரணம். குழாய்நீர் உறைவதால் வாளியில்தான் தண்ணீர் தருவார்கள். வண்டியிலுள்ள சாதா டீசல் குளிரில் கெட்டியாகிவிடும். 2019 முதல் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசல் விற்கிறார்கள். அறையில் சூடேற்றும் புகாரி அடுப்பு (விறகு, கரி போன்றவற்றில் எரிவது) இருந்தால் தூங்குமுன் அணைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இத்தனைக்கும் நகருக்குள் பனி அதிகம் விழாது, பனிதான் வேண்டுமென்றால் காஷ்மீரின் குல்மார்க் போங்கள்.