ஹாப்ஸ்பாம்: கட்சியில் இருந்துகொண்டே நேர்மையான வரலாறு எழுத முடியுமா?

தெற்குவாசல்:
பிரிட்டனின் மார்க்சிய வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமை இன்னும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோமே, ஏன்? 1956இல் கிளர்ச்சியை நசுக்க சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்ததும் சக வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டுப் போனார், அடுத்த வருடம் கிறிஸ்டோபர் ஹில்லும் போனார். இவர் மட்டும் நகரவே இல்லை.

கரிசல்:
நகரவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை நண்பரே. அந்தத் தலையீட்டைக் கண்டித்து நியூ ஸ்டேட்ஸ்மன் வார இதழில் வந்த கடிதத்தில் இவர் கையெழுத்தும் உண்டு. அப்புறம், கட்சிக்கு வந்த வழியையும் பாருங்கள். 14 வயதுக்குள் அப்பா அம்மா இருவரையும் இழந்து, பெர்லினில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த யூதப் பையன், 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்ததைக் கண்ணெதிரே பார்த்தவன். அந்த ஒட்டுதல் சுலபத்தில் அறுமா? அதற்கு விலையும் கொடுத்தார். 1947இல் லண்டன் பர்க்பெக்கில் விரிவுரையாளர், பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து படிக்கும் கல்லூரி அது. பேராசிரியர் பதவி 1970இல்தான். உளவுத்துறை இவர்மேல் வைத்திருந்த கோப்பு தனி.

தெற்குவாசல்:
உருக்கமான கதைதான். 1994இல் பிபிசி டிவி பேட்டியில் எழுத்தாளர் மைக்கேல் இக்னாடியெஃப் கேட்டதை மறந்துவிட்டீர்களா? கம்யூனிஸ்டுகள் கனவு கண்ட பொன்னுலகம் நிஜமாகவே வந்திருந்தால், சோவியத்தில் ஒன்றரை, இரண்டு கோடிப் பேரின் சாவு நியாயமாகியிருக்குமா என்று கேட்டார். ‘ஆமாம்’ என்றார் இவர்.

மழைக்காகிதம்:
இரண்டு பேரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள், எழுத்துக்கு வாருங்கள். 1789 முதல் 1914 வரை மூன்று தொகுதிகள் எழுதினார். பிரான்ஸின் அரசியல் புரட்சி, பிரிட்டனின் தொழிற்புரட்சி இரண்டையும் ஒரே வெடிப்பாகப் பார்த்தது 1962இல் வந்த முதல் தொகுதி. அதைப் படித்தபிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவை வேறு மாதிரி யோசிப்பதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. (இதற்கு நடுவில் பிரான்சிஸ் நியூட்டன் என்ற பெயரில் ஜாஸ் விமர்சனமும் எழுதியிருக்கிறார், எப்போது தூங்கினாரோ.) ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பக்கமே ரொம்ப காலம் போகவில்லை. கட்சிக்காரனாக இருந்துகொண்டு அதை நேர்மையாக எழுத முடியாது என்பதுதான் காரணம், அவரே சொன்னது.

தெற்குவாசல்:
நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

கரிசல்:
இல்லை. பொய் எழுதுவதைவிட எழுதாமல் இருந்தார், அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. சோவியத் விழுந்தபின் 1994இல் எழுதிய நூலில், ஸ்டாலின் காலச் சாவுக் கணக்கு எதுவானாலும் வெட்கக்கேடு, சமாதானமே சொல்ல முடியாது என்று எழுதியும்விட்டார்.

தெற்குவாசல்:
அதே 1994! புத்தகத்தில் சமாதானம் சொல்ல முடியாது, டிவியில் ‘ஆமாம்’. இதில் எது ஹாப்ஸ்பாம்?

மழைக்காகிதம்:
கேள்வியில் ‘வந்திருந்தால்’ என்று ஒரு சொல் இருக்கிறதே சார். வரவில்லை என்பது அவருக்கும் தெரியும்.