எஃப்சிசிபி போட்டதும் ஒளி ஏறுது: டிஎம்ஆர்எம் சாயத்தை நம்பலாமா?

தேன்மொழி:
எலி இதயத்திலிருந்து பிரித்த செல்களில், மைட்டோகாண்ட்ரியாவுல சேர்ந்து சிவப்பா ஒளிரும் டிஎம்ஆர்எம் சாயத்தை 200 நானோமோலார் அடர்த்தியில போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கிட்டிருந்தேன். உள்சவ்வு வழியா புரோட்டானைக் கசியவிடற எஃப்சிசிபி மருந்தைச் சேர்த்தா மைட்டோகாண்ட்ரியாவோட மின்னழுத்தம் போயிடும், ஒளி அணையும்னுதான் படிச்சிருக்கேன். ஆனா சில வினாடியில வரிவரியா இருந்த சிவப்பு கலங்கி செல் முழுக்கப் பரவிச்சு. இருட்டா இருந்த உட்கரு கூட சிவந்துச்சு. மொத்த ஒளி ஏறிடுச்சு! மூணு நாளா இதேதான். வழிகாட்டி மில்லிவோல்ட்ல எண் கேக்கிறார். கொடுக்க முடியுமா?

கண்ணாடி ஊசி:
முடியாது. நீங்கள் பார்ப்பது சாயம் எங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான். இந்த நேர்மின் சாயம் இரண்டு சவ்வுகளைத் தாண்டுகிறது. 37 டிகிரியில் சுமார் 61 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு சேரும். செல் சவ்வில் 60 இருந்தால் சைட்டோசாலில் பத்து மடங்கு. உள்சவ்வில் 180 இருந்தால் அதற்கும் மேல் ஆயிரம் மடங்கு. வெளியே பொட்டாசியத்தைக் கூட்டிச் செல் சவ்வின் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்தாலே போதும், மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதுவும் ஆகாமலே அதற்குள் இருக்கும் சாயம் குறையும். அதைப் பார்த்து "மைட்டோகாண்ட்ரியா பழுது" என்று எழுதிய ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். மின் பண்பு தெரிய வேண்டுமானால் மின்முனையை வையுங்கள். 1987இல் சோர்கட்டோ, கெல்லர், ஸ்டூமர் மூவரும் சுண்டெலிக்குக் கப்ரிசோன் என்ற வேதிப்பொருளை ஊட்டி, கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதாக்கி, உள்சவ்வில் பேட்ச் கிளாம்ப் செய்தார்கள்; அதாவது நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் சவ்வில் ஒட்டவைத்து மின்னோட்டத்தை அளந்தார்கள். 107 பிகோசீமன்ஸ் மின்கடத்தலுடன் ஒற்றைச் சேனல் (அயனித் துளை) திறந்து மூடுவதே தெரிந்தது.

செம்பருத்தி:
தேன்மொழி, முதல்ல உன் கேள்வி. 200 நானோமோலார் ரொம்ப அதிகம்மா. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள சாய மூலக்கூறுகள் நெருக்கியடிச்சு ஒண்ணோட ஒளியை ஒண்ணு அமுக்கிடுது. குவென்ச் மோடுன்னு சொல்றது இதைத்தான். எஃப்சிசிபி வந்ததும் சாயம் வெளியே கொட்டுது, நெருக்கம் விடுது, ஒளி ஏறுது. மின்னழுத்தம் விழுந்ததாலதான் ஏறியிருக்கு, நீ செஞ்சதுல தப்பில்ல.

ஊசி சார், செல் சவ்வு பத்தி நீங்க சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். ஆனா பேட்ச் கிளாம்ப்ல மின்னழுத்தத்தை நீங்கதானே பிடிச்சு வைக்கிறீங்க? வெளிச்சவ்வை உரிச்சு, உள்சவ்வோட மடிப்பெல்லாம் விரிஞ்சு உருண்டையா நிக்கிற மைட்டோபிளாஸ்ட் அது. எவ்வளவு மின்னோட்டம் கடத்துதுன்னு அது அழகாச் சொல்லும். உயிரோட துடிக்கிற செல்லுக்குள்ள எத்தனை மில்லிவோல்ட் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்லும்? மின்முனையை நேரா குத்திப் பார்த்தவர் டெடெஸ்கி. 1969இல் டுப்பரும் அவரும் பழ ஈயோட பெரிய மைட்டோகாண்ட்ரியாவுல குத்தினப்போ சின்ன அளவுதான் வந்துச்சு, அதுவும் உள்ளே நேர்மின்னா! மைட்டோகாண்ட்ரியா புரோட்டானை வெளியே தள்ளி ஆற்றல் சேமிக்குதுன்னு சொன்ன மிட்செலோட கொள்கைப்படி உள்ளே எதிர்மின்னா இருக்கணும். குத்தின இடத்துல கசிஞ்சிருக்கும்னுதான் பெரும்பாலானவங்க சொன்னாங்க. ஊசியும் பொய் சொல்லும் சார்.

கண்ணாடி ஊசி:
டெடெஸ்கி விஷயத்தில் மறுப்பில்லை. அவ்வளவு சிறிய உறுப்பைக் குத்தி, அது முழுசாக இருக்கிறது என்று நம்புவது கடினம். ஆனால் 2004ஐ மறக்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியத்தை விடும் யூனிபோர்ட்டர், துளையாகத் திறக்கும் சேனலா, பிடித்து அக்கரை சேர்க்கும் கடத்தியா என்ற நீண்டகாலச் சண்டை சாயத்தால் தீரவில்லை. கிரிச்சோக், கிராபிவின்ஸ்கி, கிளாப்ஹாம் மைட்டோபிளாஸ்ட்டில் மின்னோட்டத்தை அளந்த பிறகுதான் அது சேனல் என்று உறுதியானது. இந்தப் பெண்ணிடம் கேட்பதோ மில்லிவோல்ட். வெறும் ஒளியளவைக் கொடுத்து அதற்கு மின்னழுத்தம் என்று பெயரிட்டால் அது எண்ணாகாது.

செம்பருத்தி:
வெறும் ஒளியளவைக் கொடுக்கச் சொல்லலையே. 2012இல் கெரென்செர் குழு டிஎம்ஆர்எம்மோட செல் சவ்வுக்குன்னு இன்னொரு சாயமும் சேர்த்துப் போட்டாங்க. சாயம் ஒட்டிக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவோட கன அளவு எல்லாத்தையும் கணக்குல எடுத்தாங்க. எலி மூளைப்புறணி நியூரானுக்கு ஓய்வுல −139 மில்லிவோல்ட்னு எண் வந்துச்சு. பாடப் புத்தகத்துல சொல்ற 180 இல்ல பாருங்க. செல்லைக் கிழிக்காம வந்த எண் அது.

கண்ணாடி ஊசி:
அந்த அளவுக்கு மெனக்கெட்டால் ஏற்றுக்கொள்கிறேன். நூறு பேரில் எத்தனை பேர் செய்கிறார்கள்? ஜேசி-1 என்ற வேறொரு சாயத்தின் சிவப்பு-பச்சை விகிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சிவப்பு, சாயம் திரள்வதால் வருவது; அது சாய அடர்த்தியையும் காத்திருந்த நேரத்தையும் பொறுத்து மாறும். தேன்மொழி, இரண்டாவது சாயம் இல்லாமல் மில்லிவோல்ட் என்று எழுதாதீர்கள். வழிகாட்டி கேட்டாலும் எழுதாதீர்கள்.

செம்பருத்தி:
அதுல சாரோட கட்சிதான் நானும். ரெண்டாவது சாயம் கிடைக்கிற வரைக்கும் 'ஒப்பீட்டு மாற்றம்'னு எழுது. 20 நானோமோலாருக்கு இறக்கு, பார்க்கிற நேரம் முழுக்க சாயம் வெளிக்கரைசல்லயும் இருக்கணும், லேசர் கம்மியா வை. முதல்ல ஆலிகோமைசின் மருந்து: செல்லோட ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை ஆக்கறது நின்னு ஒளி கொஞ்சம் ஏறணும். கடைசியா எஃப்சிசிபி. இப்ப இறங்கணும்.

தேன்மொழி:
அக்கா, சார், ரெண்டு பேருக்கும் நன்றி. மூணு நாளா செல் செத்துடுச்சுன்னு நெனச்சு எல்லாத்தையும் கொட்டிக்கிட்டு இருந்தேன். வியாழக்கிழமை புது செல் வருது. 20ல போட்டு, ரெண்டு மருந்தும் சேர்த்த வரைபடத்தை இங்கேயே போடறேன். வழிகாட்டிகிட்ட மில்லிவோல்ட் இப்போ முடியாதுன்னு நாளைக்கே சொல்லிடறேன்.