குலுக்கலில் ஸ்கூட்டர் விழுந்திருக்கிறது, எடுக்க ₹36,100 ரொக்கமாகக் கேட்கிறார்கள். கட்டலாமா?

குறிஞ்சி_கோவை
வணக்கம். தீபாவளிக்கு அம்மா பேரில் ஒரு கடையில் பீரோவும் கட்டிலும் வாங்கினோம். பில்லோடு கூப்பன் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் நடந்த குலுக்கலில் அம்மாவின் எண்ணுக்கு ஸ்கூட்டர். கடை வாசலில் பட்டியலும் ஒட்டியிருக்கிறார்கள். வண்டி மதிப்பு ₹92,000. "வரி ₹27,600, செயலாக்கக் கட்டணம் ₹8,500, ரெண்டையும் ரொக்கமா கட்டினா சாவி" என்கிறார்கள். ரசீது கேட்டால் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார்கள். கூப்பனின் பின்பக்கம் "வரி பரிசு பெறுபவரைச் சார்ந்தது" என்று மட்டும் இருக்கிறது, கட்டணம் பற்றி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு வேறு வருமானம் கிடையாது. என்ன செய்யலாம்?

வரிக்கணக்கு
ரெண்டு தொகையையும் சேர்த்துப் பார்க்காதீங்க. ₹27,600 நிஜமான வரி. ₹8,500 கடைக்காரர் போட்ட கணக்கு.

குலுக்கல் பரிசு ₹10,000-ஐத் தாண்டினால் 30% டிடிஎஸ் (பரிசு கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) உண்டு. 2026 மார்ச் வரை விழுந்த பரிசுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 194பி. 92,000-க்கு 30% என்றால் சரியாக 27,600. ரொக்கப் பரிசாக இருந்தால் அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். வண்டியில் பிடிக்க முடியாதே! அதனால் பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் கைக்கு விட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக வரி கேட்பது தப்பில்லை, ரொக்கமாகக் கேட்பதுதான் தப்பு. துண்டுச்சீட்டில் போன பணம் அரசுக்குப் போனதா என்று உங்களால் என்றைக்கும் பார்க்க முடியாது.

நீங்களே கட்டிவிடுங்கள். வருமான வரித் தளத்தில் இ-பே டாக்ஸ் போய், அம்மாவின் பான் எண்ணும் மொபைல் எண்ணும் கொடுத்து, ஓடிபி போட்டதும் வருமான வரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு 2026-27 (2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை வந்த வருமானத்துக்கு), வகை அட்வான்ஸ் டாக்ஸ் (100). பலர் சறுக்குவது ஆண்டில்தான். பரிசு விழுந்தது 2025-ல் என்பதால் 2025-26 என்று போட்டுவிடுகிறார்கள், பிறகு சலானைத் திருத்த அலைய வேண்டியிருக்கும். கட்டி முடித்ததும் வரும் சலானில் (வரி கட்டிய ரசீது) வங்கிக் கிளைக்கான பிஎஸ்ஆர் குறியீடு, சலான் எண், தேதி மூன்றும் இருக்கும். அதன் நகலைக் கடையில் கொடுங்கள். கடை வழியாகத்தான் கட்டுவோம் என்று பிடிவாதம் பிடித்தால், காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ மட்டும் கொடுத்து, கடையின் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) போட்ட ரசீது வாங்குங்கள். பிறகு கடை படிவம் 16ஏ (வரி பிடித்ததற்கான சான்று) தர வேண்டும், அம்மா பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்-லும் அந்தத் தொகை தெரிய வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேறு வருமானம் இல்லையே, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த வருமானத்துக்கு அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தாது. மேலே 4% செஸ், அதாவது ₹1,104, ரிட்டர்ன் போடும்போது கட்ட வேண்டிவரும். ரிட்டர்ன் படிவங்களில் ஐடிஆர்-1 இதை ஏற்காது, ஐடிஆர்-2 போட வேண்டும்.

92,000 என்ற மதிப்புக்கு டீலர் பில் நகலைக் கேளுங்கள். மதிப்பைக் கூட்டிச் சொன்னால் வரியும் கூடும்.

நுகர்வோர்_வழி
அந்த ₹8,500-க்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ன் உட்பிரிவு (iii) முறையற்ற வணிக நடைமுறையைச் சொல்கிறது. சொன்னபடி கொடுக்கும் எண்ணம் இல்லாமல் பரிசு அறிவிப்பது, முழுதாகவோ பகுதியாகவோ காசு வாங்கிக்கொண்டே இலவசம் என்ற எண்ணத்தை உண்டாக்குவது, ரெண்டும் அதில் வரும். கூப்பனில் அச்சடிக்காத கட்டணத்தைப் பரிசு விழுந்த பிறகு நுழைப்பது இதில்தான் மாட்டும். விளம்பரத்தில் "இலவச ஸ்கூட்டர்" என்று இருந்திருந்தால் இன்னும் வலு. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலின்படி, இலவசம் என்று சொன்னால் விளம்பரத்துக்குப் பதில் அனுப்புவது, பொருளைப் போய் வாங்குவது அல்லது வரவழைப்பது ஆகியவற்றின் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு எதுவும் வாங்கக்கூடாது. "செயலாக்கம்" அதில் சேராது.

முதலில் ஒரு கடிதம். குலுக்கல் தேதி, கூப்பன் எண், பில் எண், கேட்ட தொகைகள் எல்லாம் எழுதி, "வரியைக் கட்டிச் சலான் இணைத்திருக்கிறோம், ₹8,500 எந்த நிபந்தனையின்படி என்று 15 நாளில் எழுத்தில் சொல்லவும்" என்று கேளுங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலில் சேர்ந்துவிட்டது, ஆகவே ஒப்புகையோடு விரைவுத் தபால். மசியவில்லை என்றால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு. வாங்கிய பொருளின் விலை ₹5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ரெண்டு வருடம் அவகாசம்.

பில்லை இன்றே நகல் எடுங்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாளாக (தெர்மல் பேப்பர்) இருந்தால், சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். பில் இல்லாவிட்டால் அம்மா 'நுகர்வோர்' என்று காட்டுவதே சிரமம்.

தபால்பெட்டி_88
இதே இழையில் ஒரு சந்தேகம். சித்தப்பாவுக்குத் தபாலில் சுரண்டும் அட்டை வந்திருக்கிறது. வெள்ளிப்பூச்சைச் சுரண்டினால் கார், ₹12,60,000. "1% வரி ₹12,600 முதலில் அனுப்புங்கள், திருப்பித் தரப்படும்" என்று கடிதம். கூடவே படிவத்தில் வங்கிக் கணக்கு, ஆதார் எண் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதுவும் 194பி தானா?

வரிக்கணக்கு
இல்லவே இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிஜமான வரி என்றால் 12,60,000-ல் 30%, ₹3,78,000. இவர்கள் 12,600 கேட்கிறார்கள். குறைவாகக் கேட்பதுதான் பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது. மூணே முக்கால் லட்சத்துக்கு மேல் கேட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வரியைத் "திருப்பித் தருகிறோம்" என்று சொல்லும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. பரிசு வாங்குபவர் ஜிஎஸ்டி கட்டுவது என்றும் ஒன்று இல்லை. 12,600 போனதும் தடையில்லாச் சான்று, ரிசர்வ் வங்கிக் கட்டணம், காப்பீடு என்று அடுத்தடுத்து வரும்.

நுகர்வோர்_வழி
இதற்கு நுகர்வோர் ஆணையம் பயன்படாது, எதிராளியின் முகவரியே பொய்யாக இருக்கும். இது நேராக மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318(4). பணம் அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. அனுப்பாவிட்டாலும் படிவத்தை நிரப்ப விடாதீர்கள். உறையைத் தூக்கிப்போட வேண்டாம், தபால் முத்திரை துப்பு கொடுக்கும். பிறகு "உங்க பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று வேறொரு அழைப்பு வரும். அதுவும் அதே கும்பலாக இருக்கலாம்.

வடகடல்
ஒப்பிட்டுப் பார்க்க: பரிசு என்று சொல்லிவிட்டு அதைப் பெறக் காசு கேட்பது பிரிட்டனில் 2008 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் தடைப்பட்டியலிலேயே இருந்தது. 2012 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், பரிசைக் கோர ஒரு தபால்தலை அளவு செலவு வைத்தாலும் தடைதான் என்றது. 2025 ஏப்ரல் முதல் அங்கே புதிய சட்டம், தடை தொடர்கிறது. நம் சட்டத்திலும் இந்தத் தெளிவு வர வேண்டும். ₹8,500-க்காக அம்மாக்கள் ஆணையத்தின் படியேறக்கூடாது.

குறிஞ்சி_கோவை
மிக்க நன்றி. சலான் இன்றே கட்டுகிறோம். அசல் கூப்பனை முதலில் ஒப்படைத்தால்தான் பதிவு வேலை தொடங்கும் என்கிறார்கள், கொடுக்கலாமா?

நுகர்வோர்_வழி
வேண்டாம். ரெண்டு பக்கமும் நகல் எடுத்து, "அசல் காட்டப்பட்டது" என்று கடை முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலைக் கொடுங்கள். அசலும் சாவியும் ஒரே மேசையில் கைமாறட்டும். "முழுத் திருப்தி, வேறு கோரிக்கை இல்லை" என்று ஒரு தாள் நீட்டுவார்கள். ₹8,500-ஐ ஏற்கெனவே கட்டியிருந்தால் அதன்மேல் "கட்டணத்தை ஆட்சேபித்துப் பெற்றுக்கொண்டேன்" என்று அம்மா கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.