குளோரின் வாடை பிடிக்காத ஊரில் என்ன கதை சொல்வது?

செவிலி அக்கா:
கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்ட அன்று தெருக்குழாயில் ஆளே இருக்காது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்விடுகிறார்கள். "வாடை தொண்டையிலேயே நிக்குது கண்ணு, கிணத்துத் தண்ணி இளநியாட்டம் இருக்கு" என்கிறார் ஒரு பாட்டி. கிருமி, வயிற்றுப்போக்கு என்று படம் காட்டினால், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று பாதியில் எழுந்துவிடுகிறார்கள். கதையாகச் சொன்னால் எடுபடுமா?

பழைய வாத்தியார்:
ருசியைப் பேசுகிறவர்களுக்கு ருசியால் போன உயிரின் கதையைச் சொல்லுங்கள் அம்மா. 1854, லண்டன் பிராட் தெரு. அங்கே ஒரு அடிபம்பு. காலரா வந்து பத்தே நாளில் அந்தப் பக்கம் ஐந்நூறு பேருக்கு மேல் பலி. தூரத்தில் ஹாம்ஸ்டெட்டில், காலரா எட்டிப் பார்க்காத இடத்தில், ஒரு விதவை அம்மாள் இருந்தார். முன்பு பிராட் தெருப் பக்கம் இருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசி விடவில்லை. தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் வரும். வியாழக்கிழமை வந்ததைக் குடித்தார், சனிக்கிழமை இறந்தார். பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெண்ணும் குடித்தாள், ஊர் திரும்பி அவளும் போனாள். மருத்துவர் ஜான் ஸ்நோ தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல இந்த இரண்டு சாவும் பெரிய சாட்சி.

குறுக்குக்கேள்வி:
ஸ்நோ சொன்னதும் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது என்று மட்டும் கதையை முடித்துவிடாதீர்கள். கழற்றியது செப்டம்பர் 8. அதற்குள் அந்தப் பகுதியில் நிறையப் பேர் வீட்டைக் காலி செய்திருந்தார்கள், சாவும் குறையத் தொடங்கியிருந்தது. ஸ்நோவே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். ஏதாவது ஒரு பையன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னால், மீதிக் கதையையும் நம்ப மாட்டார்கள்.

தொட்டி ஆபரேட்டர்:
கதை இருக்கட்டும் அக்கா, வாடையையும் கவனிங்க. பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்கச் சொல்லுங்க. கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருந்தால் போதும். குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப் குப்பியில் தண்ணி பிடித்து, அந்தப் பாட்டியையே சோதனை மருந்தைச் சொட்டு விடச் சொல்லுங்க. குளோரின் இருந்தால் தண்ணி மஞ்சளாவதை அவரே பார்க்கட்டும்.

செவிலி அக்கா:
நூறு நாள் வேலைக்காரர்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். யாரும் எழவில்லை. அந்த அம்மாளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை; எல்லோருக்கும் அந்தப் பெண்தான். "சும்மா பாக்க வந்த புள்ளையாச்சே!" என்று பாட்டி இரண்டு முறை சொன்னார். அவர் இன்னும் கிணற்றுக்குத்தான் போகிறார். ஆனால் நேற்று, பேத்திக்கென்று குழாயில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு போனார். மஞ்சள் குப்பி அடுத்த வாரம்.