ஐஸ்-ஐஸ் நோய்: வெளுத்த பாசி மாதிரி தேவை

மண்டபம், தங்கச்சிமடம், சம்பை, தொண்டி பக்கம் பாசி வளர்க்கிற அக்காமார், அண்ணன்மார் உதவ வேண்டும். கப்பாபைகஸ் என்ற வளர்ப்புப் பாசியில் தண்டு திட்டுத்திட்டாக வெளுத்து, கூழாகி, கயிறோடு அறுந்து விழுகிறதே, அந்த ஐஸ்-ஐஸ் நோய் வந்த பாசித் துண்டுகள்தான் தேவை.

வெளுத்த நடுப்பகுதி மட்டும் வேண்டாம். அங்கே அழுகலில் குடியேறும் பாக்டீரியாதான் மிகுதி. வெள்ளையும் பழுப்பும் சேரும் ஓரத்தில் 5 செ.மீ. துண்டாக, பாசி கட்டிய ஒரு மிதவையிலிருந்து மூன்று வெட்டுங்கள். அதே மிதவையின் நல்ல பாசியிலும் ஒரு துண்டு தேவை. ஒப்பிட நல்ல பாசி இல்லாவிட்டால் முடிவுக்கு மதிப்பில்லை. கத்தியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைக்கவும்.

குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது, செல் வெடித்து நல்ல பாசியும் வெளுத்துவிடும். கொஞ்சம் கடல்நீரோடு தனித்தனி ஜிப் பையில் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும்.

பாசி தின்னும் ஓரா மீன் கடித்ததை அனுப்பிவிடாதீர்கள். அதில் நுனி மொட்டையாக இருக்கும், நிறம் மாறியிருக்காது.

பாசியைக் கயிற்றில் கட்டிய தேதி, நீர் வெப்பம், உப்பு அளவு, அண்மையில் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். வெப்பம் 33 டிகிரியைத் தாண்டினாலோ, மழைநீர் கலந்து உப்பு லிட்டருக்கு சுமார் 20 கிராமுக்குக் கீழே போனாலோ பாசி முதலில் சோர்கிறது. பாக்டீரியா பிறகுதான் புகுகிறது. கருவி இல்லாதவர்கள் ஒரு பாட்டில் நீர் அனுப்பினால் போதும். யாரிடம் இப்படி வெளுத்த பாசி இருக்கிறது?