டெவ்ஆப்ஸ் லேப்: ரன்னரைக் குழுவாரியாகப் பிரிப்பது எப்படி?

வணக்கம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 60 பேர், 15 குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு சின்ன வெப் ஆப்புக்கு டெஸ்ட், டாக்கர் இமேஜ் (ஆப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்த பொதி), டிப்ளாய் என முழு பைப்லைன் கட்ட வேண்டும். இந்தப் படிகளைத் தானாக ஓட்டும் புரோகிராம்தான் ரன்னர்.

லேப் முழுக்க ஒரே ஐபி என்பதால் இமேஜ்களைத் தரும் டாக்கர் ஹப் தளம் 429 பிழை (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) தரும். ரெஜிஸ்ட்ரி மிரர் (இமேஜ்களின் உள்ளூர் நகல் சேமிப்பு) வைத்ததும் அது தீர்ந்தது.

முக்கியமான பயிற்சி ரோல்பேக், அதாவது பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது. மெமரி வரம்பு 64 எம்பி. நாங்கள் கொடுக்கும் புது வெர்ஷன் அதைத் தாண்டும், கன்டெய்னர் (இமேஜிலிருந்து ஓடும் ஆப்) எக்ஸிட் கோடு 137 (வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டதன் குறி) காட்டி நிற்கும். இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ டேக் மட்டும் போட்ட குழுவுக்கு எந்த இமேஜுக்குத் திரும்புவது என்றே தெரியாது. கமிட் ஹாஷை (கோடின் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளத்தை) டேக்காக வைத்தவர்கள் உடனே மீள்வார்கள். இதை மாணவர்கள் கையால் செய்து பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது சிக்கல்: எல்லாருக்கும் பொதுவான ரன்னரில் டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளை தரும் வழியை) மவுன்ட் செய்திருப்பதால், ஒரு குழுவின் ஜாப் இன்னொரு குழுவின் கன்டெய்னரை அழித்துவிட முடியும். சர்வரில் 32 ஜிபி ரேம்தான். குழுவுக்கு 2 ஜிபி விஎம் (மெய்நிகர் கணினி) என்றாலே 30 போய்விடும். ரூட்லெஸ் டாக்கரை (அட்மின் உரிமையின்றி ஓடுவது) குழுவுக்கொரு யூசராக லேபில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? பில்ட் கேஷை (மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் பில்ட் படிகளை) எப்படிச் சமாளித்தீர்கள்?

கூடவே, தனிநபர் மதிப்பெண்ணுக்கு கமிட் எண்ணிக்கையை நம்ப முடியாது. ஒருவர் மெஷினில் இருவர் உட்கார்ந்து எழுதுகிறார்கள். உங்கள் மதிப்பீட்டுப் படிவம் இருந்தால் பகிருங்கள்.