குடும்பக் குழு: சீசன் சைட்டுக்கு ஃபிஃப்த் வீல்

வனிதா: மாமா, ஒன்ராறியோவில கவார்த்தா பக்கம் ஒரு கேம்பிங் பார்க்கில சீசன் சைட் ஒண்டு, சீசன் முழுக்க ரெயிலரை நிப்பாட்டி வைக்கிற இடம், சரிவந்திட்டுது. மே தொடக்கம் ஒக்டோபர் தாங்க்ஸ்கிவிங் மட்டும். பழைய ஃபிஃப்த் வீல் (பிக்கப் பெட்டிக்குள்ள கொழுவி இழுக்கிற வீட்டு ரெயிலர்) ஒண்டு பாக்கிறம்: 34 அடி, ரெண்டு ஸ்லைட் (வெளிய தள்ளி அறையை அகலமாக்கிற பகுதி), முழுப்பாரம் 12,000 இறாத்தல். எங்கட எஃப்-150 பிக்கப் இழுக்குமோ?

சிவம் மாமா: இழுக்கிறது வேற, தாங்கிறது வேற பிள்ளை. ஃபிஃப்த் வீலின்ர பாரத்தில ஏறக்குறைய 20 வீதம் பிக்கப் பெட்டியிலதான் குந்தும். 12,000க்கு 2,400 இறாத்தல். ரெயிலரைக் கொழுவுற ஹிட்ச் இன்னொரு 150, 200. பிறகு நீங்கள் நாலு பேர். டிரைவர் கதவைத் திறந்தால் நிலையில ஸ்டிக்கர் இருக்கும், ஆக்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு எண்டு கிலோவில போட்டிருக்கும். 150இல அநேகமானது 2,000 இறாத்தலை ஒட்டித்தான் வரும். இதுக்குப் பெரிய எஃப்-350 வேணும்.

சாந்தி அத்தை: பெட்டி ஐந்தரை அடி எண்டால் பின்னுக்குத் தள்ளக்கூடிய ஸ்லைடிங் ஹிட்சும் வேணும். இல்லாட்டி ஒடிச்சுத் திருப்பேக்க ரெயிலரின்ர மூக்கு கபின் பின்கண்ணாடியில இடிக்கும்.

வனிதா: அப்ப பிக்கப்பை மாத்தவேணுமோ?

சிவம் மாமா: வேண்டாம். சைட்டிலயே நிக்கப்போற ரெயிலர்தானே. இழுத்துக்கொண்டுவந்து விடுற ஆளுக்கு ஒருக்காக் காசைக் குடுங்கோ. குளிருக்கு அங்கயே விடலாமோ, எத்தினை வருசப் பழசு மட்டும் எடுப்பினம் எண்டு முதல்லயே பார்க் ஆக்களிட்டக் கேள். பாரத்தை விட்டிட்டுத் தண்ணி பூந்திருக்கோ எண்டு பார்.

சாந்தி அத்தை: ஸ்லைட் மூலையள், ஜன்னலுக்குக் கீழ, முன் படுக்கையறை அலுமாரிக்குள்ள. மூண்டு இடத்திலயும் கட்டைவிரலால அமத்து. மெத்தெண்டு போனால் விட்டிட்டு வா. வெளிச்சுவரைப் பக்கவாட்டில நிண்டு பார். பொங்கியிருந்தால் உள்ளுக்க ஒட்டு விட்டிட்டுது, திருத்தக் கட்டாது. கூரையில வென்ட்டைச் சுத்திப் பூசினது வெடிச்சிருந்தால் பயமில்லை, சுரண்டிப்போட்டுப் புதுசு பூசலாம்.

வனிதா: சைட்டில கறன்ட் 30 ஆம்ப் எண்டினம். ரெயிலரில ரெண்டு ஏசி.

சிவம் மாமா: 30 ஆம்பில 3,600 வாட்தான். அடப்டர் போட்டு ஒரு ஏசி ஓடும். அதோட சுடுதண்ணியும் மைக்ரோவேவும் போட்டால் பிரேக்கர் விழும். ரெண்டு ஏசியும் வேணுமெண்டால் 50 ஆம்ப் சைட் கேள்.

சாந்தி அத்தை: கக்கூஸ் கழிவு போற கறுப்புத் தாங்கியின்ர வால்வைத் திறந்தபடி விடாதேங்கோ. தண்ணி ஓடிப்போக, கட்டியானது அடியில குவிஞ்சு இறுகிப்போடும். முக்கால்வாசி நிரம்பினாப்பிறகு திற, அதுக்குப் பிறகு குளிக்கிற தண்ணித் தாங்கியைத் திறந்தால் குழாயும் கழுவுப்படும்.

வனிதா: குளிருக்கு?

சிவம் மாமா: சீசன் முடிஞ்சு பூட்டுறதுக்கு முதல் சுடுதண்ணி ஹீற்றரை வடிச்சு, அதுக்குள்ள போகாமல் பைபாஸ் வால்வைத் திருப்பி, குழாய் உறையாமல் விடுற ரோஸ் நிற ஆர்வி அன்டிஃப்ரீஸ் 8, 10 லீற்றர் பம்பால ஓட்டவேணும். சிங்க், ஷவருக்குக் கீழ இருக்கிற வளைவுக் குழாய்களுக்குள்ளயும் ஊத்து. செய்யாமல் விட்டால் தண்ணி உறைஞ்சு பம்பும் குழாய்ப் பூட்டுகளும் வெடிக்கும், மே மாசம் தண்ணி திறக்கேக்கதான் சுவருக்குள்ள தெரியும்.

வனிதா: சனிக்கிழமை பாக்கப் போறம்.

சிவம் மாமா: தண்ணியும் கறன்டும் குடுத்து வைக்கச் சொல்லு. ரெண்டு ஸ்லைடையும் முழுக்க வெளிய விட்டு அகலத்தை அள. சைட்டில மரம் எந்தப் பக்கம் நிக்குது எண்டும் படம் எடுத்துப் போடு.